இன்னொருவர் பெயரில் சமைத்த ஞாயிறுகள்

மற்றவர் வீட்டு விருந்துக்குச் சமைப்பது என் தொழில். சமைத்து முடித்ததும் விருந்தாளியின் கண்ணில் படாமல் பின்பக்கமாகக் கிளம்பிவிடுவதும் அதே தொழிலின் ஒரு பகுதி.

ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு ஆறு பேர் வருகிறார்கள் என்று கேட்டதும் உங்களுக்குக் கவலை பிடித்துக்கொள்கிறதா? அப்படியானால் நீங்களும் நம் ஆள்தான். கண்டியில் உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். கடையில் வாங்கி வைக்க மனம் வராது, நின்று சமைக்க நேரம் இருக்காது. அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். என் பெயர் சரோஜா. புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கண்டிக்கு வந்தவள். பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

இங்கே எழுதுவது பெரும்பாலும் ஒரே வீட்டைப் பற்றி. கடுகண்ணாவையில், ரயில் பாதைக்கு மேலே இருந்த வீடு. அங்கே இருந்த மனிதர் தன் சொந்த வீட்டில் தொடர்ந்து இருக்கலாமா கூடாதா என்பது, மாதத்தில் ஒரு ஞாயிறு மேசையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்திருந்தது.

மேசைக்கு ஒன்று

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். என் விதி எளிது. மேசையில் ஒரே ஒரு பதார்த்தம் பெரிதாகத் தெரிய வேண்டும்; மற்றவை அதற்கு வழிவிட்டு நிற்க வேண்டும். ஒரு முழுக் கோழியைத் துண்டு போடாமல், மிளகும் வெங்காயமும் இஞ்சியும் அரைத்துப் பூசி, கனமான சட்டியில் மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். இடையில் இரண்டு முறை திருப்பிப் போட்டால் போதும். நீளமான தட்டில் எடுத்து வைத்து, அவித்த முட்டைகளைப் பாதியாக வெட்டிச் சுற்றிலும் அடுக்குங்கள். வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். உண்மையில் அதற்கான வேலை ஒரு சாதாரணக் கோழிக்கறிக்கு உள்ளதைவிடக் குறைவு.

அம்பிட்டியவில் ரமணி மிஸ் என்று ஒருவர், வங்கி அதிகாரி. அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு வந்த அன்று இந்தக் கோழியைத்தான் செய்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே போன் எடுத்தார். மேலதிகாரியின் மனைவி செய்முறை கேட்கிறாராம். நான் கடுதாசியும் பேனையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ரமணி மிஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சரோஜாக்கா, நேத்து நான் அந்தக் கோழிய எப்படிச் சமைச்சேன்னு முதல்ல இருந்து சொல்லுங்க."

சாலி சேர்

அந்த ரமணி மிஸ்தான் என்னைத் தன் பழைய கணித ஆசிரியரிடம் அனுப்பி வைத்தார். சாலி சேருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. மனைவி இறந்து ஒன்றரை வருடம். ஒரே மகள் நஸ்ரின், கணவனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் தெஹிவளையில் இருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் வாகனத்தில் வருவார்கள்.

தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். தானே சமைத்துச் சாப்பிடுவதாக இவர் போனில் ஒரு வாய்ச்சொல் விட்டுவிட்டார். சரி, வந்து பார்க்கிறேன் என்றுவிட்டாள் அவள். கடைச் சாப்பாடு செல்லாது. குப்பைக் கூடையைத் திறந்து பார்ப்பாள் என்றார் சேர். ஓர் ஆள் வைத்துச் சமைக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னால் என்ன என்று கேட்டேன். ஆள் வைத்தால் ஆள் தேவைப்படுகிறது என்று ஆகும். ஆள் தேவைப்பட்டால் தனியாக இருக்க முடியாது என்று ஆகும். கணக்கை நிரூபிப்பது போலப் படிப்படியாகச் சொன்னார்.

மகள் வீட்டில் என்ன குறை என்றும் கேட்டேன். மூன்றாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல் என்றார். இந்த வீட்டுக் கதிரைகளில் எது யாருடையது என்று தனக்குத் தெரியும், அங்கே எல்லாக் கதிரையும் மருமகனுடையது என்றார். பிறகு, நான் வேலையை ஏற்றுக்கொண்டேனா என்று என் முகத்தைப் பார்த்தபடி சொன்னார்: "விருந்துக்கு வாறது என்ட மகள்தான். ஆனா அவ வாறது சாப்பிட இல்ல, சோதனை வைக்க."

முதல் ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் குசினிக்குள் நுழைந்தேன். கீரிச் சம்பாவில் நெய்ச்சோறு, முழுக் கோழி, அன்னாசிக் கறி. அன்னாசிக் கறியைக் குறைவாக எடை போடாதீர்கள். அரைப் பழம், கடுகு, கறுவாப்பட்டை, ஒரு கரண்டி சீனி, கெட்டித் தேங்காய்ப்பால். கால் மணி நேர வேலை. ஆனால் சாப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது அதைப் பற்றித்தான்.

சேர் குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் இலக்கமிட்டு எழுதினார். இடையிடையே நான் மகளாக மாறிக் கேள்வி கேட்பேன். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், வாப்பா? ஒரு கோப்பைக்கு ஒன்றே முக்கால் என்பார். கோழி எத்தனை நேரம்? ஒன்றரை மணி. அன்னாசிக்கு முதலில் எது? கடுகு. ஒன்றும் பிழைக்கவில்லை. அடுப்பருகே மட்டும் அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும் என்று இருவருமே நினைத்தோம்.

பத்தே முக்காலுக்கு நஸ்ரின் போன் எடுத்தாள். மாவனல்லையைத் தாண்டிவிட்டார்கள். கணவாய் ஏறி வர அரை மணி நேரமாவது ஆகும். நான் என் கத்தியைப் பையில் போட்டேன். வெங்காயத் தோலையும் முட்டைக் கோதையும் குப்பைக் கூடையின் மேலே நன்றாகத் தெரியும்படி பரப்பி வைத்தேன். பின்பக்கப் படிகளில் இறங்கிக் கண்டி பஸ் பிடித்தேன்.

மாலையில் சேர் அழைத்தார். குரலில் சந்தோஷம் இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. "மகள் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா. உம்மாட கையவிட நல்லா ஈக்கு வாப்பான்னு சொன்னா. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது, சரோஜா?"

ரம்பை முடிச்சு

சோற்றுக்கு மணம் கொடுக்கும் நீளமான ரம்பை இலையைச் சட்டியில் போடுமுன் நான் ஒரு முடிச்சுப் போடுவேன். மணம் நன்றாக இறங்கும். பரிமாறும்போது எடுத்துப் போடவும் இலகு. பதினாறு வருடப் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை.

நான்காவது மாதம் நஸ்ரின் அந்த முடிச்சைச் சோற்றிலிருந்து எடுத்துப் பீங்கான் ஓரத்தில் வைத்தாளாம். உம்மா ரம்பையை வெட்டித்தானே போடுவா, இது யாருடைய பழக்கம் என்று கேட்டாளாம். போனில் வீடியோ பார்த்துப் பழகினேன் என்று சேர் சமாளித்திருக்கிறார். அடுத்த முறை என் முன்னால் ஒன்று முடிந்து காட்டுங்கள் என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னாளாம். சிரித்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. ஒரு புதன்கிழமை போய்ச் சொல்லிக் கொடுத்தேன். ஐந்தாவது இலையில் பிடித்துக்கொண்டார். வளவில் இருந்த புதரில் ஒரு கட்டு இலை வெட்டி, பழகிப் பாருங்கள் சேர் என்று வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு போனபோது குசினி மேசையில் ஒரு பேசின். அதற்குள் நாற்பது இலைகள் இருக்கும். எல்லாம் முடிச்சுப் போட்டவை, எல்லாம் ஒரே அளவு. சில வாடியிருந்தன, சில அன்று காலை வெட்டியவை. மிக நன்றாக இருக்கிறது சேர் என்றேன். அவர் பேசினைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பகிடி விடப் போகிறார் என்று நினைத்து நான் சிரிக்கத் தயாரானேன். அவர் முகத்தில் பகிடி இல்லை. "இதையெல்லாம் யாரு வந்து முடிஞ்சு வச்சீக்கிறது?" என்று கேட்டார்.

அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால்

அன்று நஸ்ரின் முடிச்சைப் பற்றிக் கேட்க மறந்துபோனாள். கேட்டிருந்தாலும் அவர் விரல்கள் முடிந்து காட்டியிருக்கும். விரலுக்கு ஞாபகம் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு சிறிய சட்டி தேவைப்பட்டது. எங்கும் இல்லை. தேடிக்கொண்டே போய் அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் பார்த்தேன். நான்கு சட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பழைய சாக்கால் மூடியிருந்தன. எல்லாவற்றிலும் அடி கரிந்திருந்தது. ஒன்றின் கைப்பிடி உருகிச் சொட்டி, அப்படியே உறைந்திருந்தது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தது என்றார் சேர். வைத்ததை மறந்து வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார். நான்கு முறை.

சமையலை ஆரம்பிக்குமுன் ஒரு மணி நேரம் இரும்புப் பஞ்சால் தேய்த்தேன். மூன்று வெளுத்தன. உருகிய கைப்பிடிச் சட்டியை என் பையில் போட்டுக்கொண்டேன், குப்பைக் கூடையில் போட முடியாதே. கரண்டுக் கேத்தல் ஒன்று வாங்கச் சொன்னேன். அது கொதித்ததும் தானே நின்றுவிடும். கேஸ் சிலிண்டரை மூடவும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மகளுக்குத் தெரிய வேண்டும் சேர், நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அந்தக் குரலில், அவசரப்படாமல் சொன்னார்: "சட்டி கரியிறது எல்லார்ட வீட்டிலயும் நடக்கிற விசயம். நீங்க மகளுக்குப் போன் எடுத்தா, எனக்கு நாளைக்கு வீடு இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

மழையில் நின்று கேட்டது

நான் போன் எடுக்கவில்லை. அவருக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. ஆறு மாதமாக அந்த மேசையில் ஒரு குறையும் வரவில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனமில்லை.

பத்தாவது மாதம் நஸ்ரின் கணவனின் தாய் தகப்பனும் வருவதாக இருந்தது. வீட்டை விற்கும் பேச்சு அன்று எடுக்கப்படும் என்று சேருக்குத் தெரியும். இரண்டு நாள் சாப்பிடவில்லை அவர். அந்த மேசைக்குரிய பெரிய பதார்த்தம் வட்டிலப்பம் என்று முடிவு செய்தேன். முதல் நாளே செய்து வைக்கலாம் என்பது அதன் நல்ல குணம். பத்து முட்டை, அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, இரண்டு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால், ஏலம். முட்டையை நுரைக்க அடிக்காதீர்கள், கரைத்தால் போதும். ஆவிச் சட்டியின் அடியில் ஒரு நாணயத்தைப் போடுங்கள். தண்ணீர் இருக்கும் வரை அது கடகடவென்று சத்தம் போடும். சத்தம் நின்றால் ஓடிப் போய்த் தண்ணீர் ஊற்றுங்கள். ஆறிய பிறகு தட்டில் கவிழ்த்து, மேலே வறுத்த கஜுப் பருப்பு.

ஞாயிறு பதினொரு மணிக்கு நான் பின்பக்கம் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. படிகளில் தண்ணீர் ஆறு போல வந்தது. விறகுக் கொட்டிலின் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். சாப்பாட்டறை ஜன்னல் நேர் மேலே. வந்தவர்கள் உட்கார்ந்தது, கரண்டிச் சத்தம், பிள்ளைகள் வட்டிலப்பத்துக்குச் சண்டை பிடித்தது, எல்லாம் கேட்டது. என் சமையலை யாரோ சாப்பிடும் சத்தத்தை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். பிறகு சம்பந்தி, வீட்டை விற்கும் பேச்சை எடுத்தார். நனைந்த சாரியோடு நான் ஜன்னல் பக்கம் இன்னும் ஒட்டி நின்றேன். மருமகன்தான் சிரித்துக்கொண்டு முடித்து வைத்தான். எனக்கே கிடைத்த பரிசு மாதிரி அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "இப்படி ஒரு சாப்பாடு போடுற மனிசனுக்கு என்னத்துக்குக் காவல்? மாமா இங்கயே ஈக்கட்டும். நாங்கதான் இங்க வந்து நிக்கணும் போல ஈக்கு."

ஐந்து பீங்கான்

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரமணி மிஸ் போன் எடுத்து, சேர் ஆஸ்பத்திரியில் என்றார். நான் போனபோது தீக்காய வாட்டுக்குள் யாரையும் விடவில்லை. வெளியே வாங்கில் சேருடைய பக்கத்து வீட்டு அம்மா குமாரி உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் கட்டுப் போட்டிருந்தது. சேர் உடுத்திருந்த சாரத்தில் பிடித்த தீயைப் போர்வையால் அமுக்கியவர் அவர்தான். சிங்களமும் தமிழும் கலந்து, நடந்ததை எனக்குச் சொன்னார்.

சேர் தாச்சியில் எண்ணெய் வைத்திருக்கிறார், நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் பொரிக்க. கொப்பி பக்கத்தில் விரித்திருந்ததாம். எண்ணெய் காயும்வரை நிற்காமல் உள்ளே போயிருக்கிறார். திரும்பி வரும்போது தாச்சி எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வாளித் தண்ணீரைத் தூக்கி அதில் ஊற்றியிருக்கிறார். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூட வேண்டும், கேஸை நிறுத்த வேண்டும். குசினியில் ஒரு மாதம் நின்ற எவருக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியாது. எப்படிச் சமைத்தேன் என்று சொல்வதை மட்டும்தான் பத்து மாதமாக நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கிழமை நாளில் எதற்கு நெய்ச்சோறு என்று குமாரியைக் கேட்டேன். காலையில் கீரை கொடுக்கப் போனபோது தானும் அதைத்தான் கேட்டதாகச் சொன்னார். "மேசையில அஞ்சு பீங்கான் வச்சிருந்தார். யாரு வாறாங்க மாஸ்டர்னு கேட்டேன். மகள் மாவனல்லை தாண்டிட்டா, நீங்க சீக்கிரம் போங்கன்னு என்னை அனுப்பினார்."

மூன்றாம் நாள்

சாலி சேர் ஆறு நாள் இருந்தார். ஏழாம் நாள் அதிகாலை மௌத்தானார். அன்று பின்னேரமே அடக்கம் செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் ரமணி மிஸ்ஸோடு கடுகண்ணாவைக்குப் போனேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் கறியும் வந்தபடி இருந்தன. நான் கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை.

நஸ்ரினை அன்றுதான் நேரில் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம். பெண்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து, வாப்பா சமைத்தவற்றை வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோழி, அன்னாசிக் கறி, வட்டிலப்பம். வரிசைகூடப் பிசகவில்லை. இவ்வளவு சமைத்த மனிதருக்கு எண்ணெய்ச் சட்டியில் எப்படி இது நடந்தது என்று கேட்டாள். பதில் என்னிடம் இருந்தது.

ரமணி மிஸ்ஸோடு வந்தவள் என்று என்னை அறிமுகம் செய்துகொண்டு, தனியாக ஒரு வார்த்தை என்றேன். கரி படிந்த குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். முதல் ஞாயிறிலிருந்து ஆரம்பித்தேன். கொப்பி, கேள்வி பதில், பேசினில் இருந்த இலைகள், நான்கு சட்டிகள், அவற்றில் ஒன்று இன்னும் என் வீட்டில் இருப்பது வரை சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாரித்துக் கொண்டு போயிருந்தேன். அது வாயில் வரவில்லை. அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டு வந்திருப்பேன். அவள் அடுப்பின் மேல் படிந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னாள்: "வாப்பா இவ்வளவு நல்லாச் சமைக்கிறாரேன்னுதான் நாங்க அவர தனிய விட்டம்."

உப்புக்கு, புளிக்கு, தண்ணீருக்கு, தீக்கு என்று எல்லாவற்றுக்கும் அளவு சொல்ல எனக்குத் தெரியும், இன்னொருவர் பெயரில் எவ்வளவு நன்றாகச் சமைத்தால் போதும் என்ற அளவைத் தவிர.